புது வீட்டுக்குக் குடிவந்தாச்சு, அப்புறம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் தாம்பரம், ஆவடி, மடிப்பாக்கம் போன்ற புறநகர்களிலும் வீடு மாறுகிற குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வாடகை வீட்டுக்காரர்களுக்கும், சொந்த ஃபிளாட் வாங்கியவர்களுக்கும் பொதுவாக எழுதியிருக்கிறேன். ஈபி, கேஸ் சமாசாரம் கொஞ்சம். வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதைப் பற்றி நிறைய.

ஆடி மாதம் குடிபோகலாமா? வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் பெரும்பாலான குடும்பங்களில் தவிர்ப்பார்கள். சிலர் ஆனியையும் பங்குனியையும் சேர்த்துக்கொள்வார்கள். நம்பிக்கை இருக்கிறவர்களோடு வாதாடி ஜெயித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நடைமுறையில் பலர் செய்கிற வழி ஒன்று இருக்கிறது. ஆடி பிறப்பதற்கு முன்பே நல்ல நாள் பார்த்துப் பாலைக் காய்ச்சி, விளக்கேற்றி, உப்பு, அரிசி எல்லாம் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். சாமான்களை ஆடியில் சாவகாசமாகக் கொண்டுபோவார்கள். குடிபுகுந்தது முதல் நாளே என்று கணக்கு. ஆனால் வாடகையும் அன்றிலிருந்தே ஓடுமா என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இந்த மாதங்களைப் பார்க்காதவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் 'டூ லெட்' பலகை கூடுதல் நாள் தொங்கும். வாடகையைப் பேசிக் குறைக்க அதுதான் சமயம்.

பால் காய்ச்ச என்னென்ன வேண்டும்? கேஸ் இணைப்பு இன்னும் வரவில்லை.

நிறைகுடத் தண்ணீர், உப்பு, அரிசி, துவரம்பருப்பு, மஞ்சள், குங்குமம், வெற்றிலைப் பாக்கு, பழம், விளக்கு, எண்ணெய், திரி, சாமி படம். இவற்றோடு தீப்பெட்டி. முக்கால்வாசிப் பேர் மறப்பது அந்தத் தீப்பெட்டியைத்தான். விடியற்காலையில் எந்தக் கடை திறந்திருக்கும்?

கேஸ் இல்லையென்றால் இண்டக்‌ஷன் அடுப்பில் காய்ச்சலாம். ஆனால் அம்மா ஆசையாக எடுத்து வைத்திருக்கும் பித்தளைச் செம்போ வெண்கலப் பானையோ அதில் சூடேறாது. காந்தம் ஒட்டுகிற தட்டை அடிப் பாத்திரம்தான் வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பால் பொங்கி வழிந்து தொடுபலகையில் பட்டால் பல அடுப்புகள் கீச்சென்று கத்தி அணைந்துவிடும். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் அது வேண்டாமே. சின்னப் பாத்திரத்தில் கழுத்து வரை பாலை ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் லேசாக வழிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வெந்நீர் வைக்கும் கெட்டிலில் பால் காய்ச்சுகிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அடி பிடித்து, அதைக் கழுவுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் இரவல் கிடைத்தால் அது இன்னும் நல்லது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு அடுப்பைக் கேட்டாலும் தப்பில்லை. பால் காய்ச்ச என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. அறிமுகமும் அப்படியே ஆகிவிடும்.

காய்ச்சிய பாலில் சர்க்கரை போட்டு முதலில் பெரியவர்களுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, அப்புறம் சாமான் ஏற்ற வந்த ஆட்களுக்கும் கொடுங்கள். பாதிரியாரை அழைத்து வீட்டை மந்திரிக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களிலும், துஆ ஓதுகிற முஸ்லிம் வீடுகளிலும்கூடப் பால் காய்ச்சுகிற பழக்கம் உண்டு.

அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம்? ஒப்பந்தம் கட்டாயமா?

ஒரு காலத்தில் சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சாதாரணம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சம்மதித்திருந்தால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்த 'ஒழிய' முக்கியம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேசினால்தான் உண்டு.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் பாருங்கள். காலி செய்யும்போது 'பெயின்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அது எழுதப்பட்டிருக்கிறதா, எவ்வளவு என்று கேளுங்கள். சாமான் இறங்குவதற்கு முன்பே சுவர், தரை, குழாய், கதவு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பின்னால் பேச்சே வராது.

கேஸ், ஈபி, ஆதார்: எதை முதலில் மாற்றுவது?

ஈபி மீட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாவி வாங்குகிற அன்றே ரீடிங்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுப்பதால், பழைய குடித்தனக்காரர் ஓட்டிய ஏசிக்கு நீங்கள் பணம் கட்ட நேரலாம். உங்களுக்குத் தனி இணைப்பா, வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து வரும் சப்-மீட்டரா என்றும் கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வீட்டில் அந்தச் சலுகை உங்களிடம் வந்து சேருவது வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்தது.

கேஸ் அடுத்தது. ஊருக்குள்ளேயே மாறினால் சிலிண்டரைத் திருப்பித் தர வேண்டியதில்லை, இணைப்பைப் புது ஏஜென்சிக்கு மாற்றக் கேட்டால் போதும். வேறு ஊர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர்கள் தரும் வவுச்சரைப் பத்திரப்படுத்துங்கள். புது ஊரில் அதைக் காட்டித்தான் இணைப்பு வாங்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வீடு மாறும்போதே மாற்றிவிட்டால் நினைவில் நிற்கும்.

ஆதாரில் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் தனித்தனி முகவரிச் சான்று தேடி அலைய வேண்டாம். ஒருவர் முகவரியை மாற்றிய பிறகு, குடும்பத் தலைவர் என்ற முறையில் அவர் ஒப்புதலோடு மற்றவர்கள் ஆன்லைனில் மாற்றலாம். 2023 முதல் இந்த வசதி இருக்கிறது. விண்ணப்பம் போட்ட 30 நாளுக்குள் குடும்பத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும், தவறினால் முதலிலிருந்துதான். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. அதைத் தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பழைய தொகுதிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

தண்ணீர் எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தரகரிடம் கேட்காதீர்கள். கீழே இஸ்திரி போடுபவரிடமோ வாட்ச்மேனிடமோ கேளுங்கள். மே மாதம் லாரி வருமா, மழைக்குத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்று இரண்டு கேள்வி போதும். 2015 டிசம்பரில் முடிச்சூர், கோட்டூர்புரம், வேளச்சேரி பட்ட பாடும், 2019 கோடையில் நகரம் முழுக்கக் குடத்தோடு நின்றதும் தெருக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று சுவரில் கைவைத்தே காட்டுவார்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷவர்த் தலையில் வெள்ளையாகப் படிந்திருக்கும். வீடு பார்க்கப் போகும்போது குளியலறையில் அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

சாமான் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எந்த அறையை முதலில் ஒழுங்குபடுத்துவது?

சமையலறை. அதன் பிறகு, பத்துப் பேர் தரையில் உட்காருகிற அளவுக்குக் கூடத்தைக் காலி செய்யுங்கள். மீதியெல்லாம் மெதுவாக ஆகட்டும். திரைச்சீலை, ஷோகேஸ், சோபா வந்து சேர்ந்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிடுவது என்று நினைக்கிறவர்கள் ஒரு வருடம் ஆனாலும் கூப்பிடுவதில்லை. ஏதாவது ஒன்று பாக்கி இருந்துகொண்டே இருக்கும். குடிவந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட்டுவிடுங்கள். அட்டைப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தால் இருக்கட்டும். வருகிறவர்களில் ஒரு சித்தியோ அத்தையோ சும்மா உட்கார முடியாமல் இரண்டு பெட்டியைப் பிரித்து அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். உங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்றால் அடுத்த முறை அழைப்பில்லாமலே வருவார்கள்.

யாரும் சாப்பிட்டுப் போகாத வீட்டில் எத்தனை மாதம் இருந்தாலும் லாட்ஜில் தங்கியிருக்கிற மாதிரியேதான் இருக்கும் என்பது என் கட்சி.

பன்னிரண்டு பேருக்குச் சமைக்க வேண்டும். டைனிங் டேபிள் நாலு பேருக்குத்தான் காணும்.

டேபிளை முட்டி வலிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்குப் பந்திதான். சாதாரண இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் கூடத்தில் நீளச் சுவரை ஒட்டி ஐந்து அல்லது ஆறு இலை போடலாம். பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்து நீளவாக்கில் விரித்தால் உட்கார வசதி. இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் வர வேண்டும். முதல் பந்தியில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் உட்கார வைத்துவிட்டு, பரிமாறுகிற வேலையைக் கல்லூரி வயசுப் பையன்களிடம் கொடுங்கள். கையில் போனை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவன் சாம்பார் வாளியைத் தூக்கியதும் கலகலப்பாகிவிடுவான்.

அளவு: ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குத் தாராளம். பன்னிரண்டு பேருக்கு ஒன்றரைக் கிலோ. சாம்பாருக்கு முந்நூறு கிராம் துவரம்பருப்பு. பிரியாணி என்றால் ஒன்றரைக் கிலோ அரிசிக்கு அதே அளவோ கொஞ்சம் கூடவோ கறி. காப்பிக்கு அரை லிட்டர் பால் நாலைந்து டம்ளர்தான் வரும். விருந்து நாளில் முதலில் தீர்ந்துபோவது பால்தான் என்பதால் ஆவின் பாக்கெட் இரண்டு கூடுதலாக ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

பெரிய பாத்திரம் வாங்க வேண்டாம். அண்டா, தவலை, வாளி, கரண்டி எல்லாம் வாடகைப் பாத்திரக் கடையில் கிடைக்கும். கழுவிக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி காசு மாறும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றில்லை. குழம்பும் ரசமும் வீட்டில், பொரியலும் இனிப்பும் வெளியிலிருந்து என்று பிரித்துக்கொண்டால் வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியும். கடைசிப் பந்தியில் அவர்கள் தனியாக ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுகிற விருந்து எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பந்திக்கு ஆண்கள் பரிமாறட்டும்.

பக்கத்து ஃபிளாட்காரர்கள் கதவைத் திறப்பதே இல்லை. எப்படிப் பழகுவது?

ஒரு கிண்ணத்தில் எதையாவது கொடுத்து அனுப்புங்கள். சர்க்கரைப் பொங்கல், சுண்டல், கொழுக்கட்டை எதுவானாலும் சரி. பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டாம், திருப்பித் தர வேண்டிய எவர்சில்வர் கிண்ணத்தில் கொடுங்கள். வெறுங்கிண்ணமாகத் திருப்புகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. குறைந்தது கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் வரும். இரண்டு முறை கிண்ணம் போய் வந்தால் பழக்கம் ஆகிவிடும்.

நவராத்திரி வந்துவிட்டால் வேலை சுலபம். மூன்று படி கொலு போதும். ஒன்பது நாளில் ஒரு நாள் மாலையைத் தேர்ந்தெடுத்து, மாடிக்கு மாடி போய்க் குங்குமம் கொடுத்து அழைத்துவிட்டு வாருங்கள். லிஃப்டில் முகம் பார்க்காமல் நின்றவர்கள்கூடச் சுண்டலும் தாம்பூலமும் வாங்க வருவார்கள். கொலு வைக்கிற பழக்கம் இல்லாத வீடு என்றால் கிறிஸ்துமஸ் கேக், ரம்ஜான் நோன்புக் கஞ்சி, பொங்கல் கரும்பு என்று ஆளுக்கொரு சாக்கு இருக்கத்தான் செய்கிறது.

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த முதல் மாதம் எதற்கும் கருத்துச் சொல்லாதீர்கள். பார்க்கிங் பற்றி மட்டும் வாயே திறக்காதீர்கள்.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கப் போகிறார்கள். அவர்களுக்கு இங்கே பொழுது போகுமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கு. ஊரில் திண்ணையில் உட்கார்ந்தால் போகிற வருகிற பத்துப் பேர் பேசிவிட்டுப் போவார்கள். இங்கே மூன்றாவது மாடியில் டிவியும் பூட்டிய கதவும்தான். முதல் வாரமே அவர்களோடு ஒரு நடை போய் வாருங்கள்: கோயில், மருந்துக்கடை, காய்கறி வண்டி நிற்கிற முனை, டீக்கடை. எந்த இடத்தில் சாலையைக் கடப்பது, எங்கே நடைபாதை உடைந்திருக்கிறது என்று சேர்த்துக் காட்டுங்கள். வாட்ச்மேனிடம் அறிமுகப்படுத்தி வையுங்கள். பல குடியிருப்புகளில் வாட்ச்மேன் கொட்டகைக்குப் பக்கத்து சிமென்ட் பெஞ்சுதான் பெரியவர்களுக்குத் திண்ணை. அப்பா அங்கே போய் உட்கார ஆரம்பித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியது குளியலறை. கைப்பிடி ஒன்று, வழுக்காத தரைவிரிப்பு ஒன்று, இரவில் எரிகிற சின்ன விளக்கு ஒன்று. கைப்பிடியைத் துண்டு போடுகிற கம்பியாக வாங்கிவிடாதீர்கள், அது ஆள் பாரம் தாங்காது.

அம்மாவிடம் சமையலறையில் ஒரு அலமாரியை முழுசாக விட்டுவிடுங்கள். அவர் புளியை எந்த ஜாடியில் போடுகிறார், ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயை எங்கே வைக்கிறார் என்பதில் யாரும் தலையிட வேண்டாம். 'அத்தை, நீங்க ரெஸ்ட் எடுங்க' என்று தினமும் சொல்கிற மருமகள் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் வேலையே இல்லாத வீட்டில் விருந்தாளி மாதிரி எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? 'அத்தை, இந்த ரசத்துக்கு நீங்க தாளிச்சா நல்லாருக்கும்' என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குப் பழைய நண்பர்கள் ஞாபகமாகவே இருக்கிறது.

இருக்கட்டும். ஒரு சனிக்கிழமை அந்தப் பழைய நண்பர்களையே புது வீட்டுக்கு வரவழைத்து இரவு தங்க வையுங்கள். கீழே கிரிக்கெட் ஆடுகிற பையன்களோடு அவர்களும் சேர்ந்து ஆடினால் இரண்டு கூட்டமும் கலந்துவிடும். கேரம் போர்டு ஒன்று கூடத்தில் கிடந்தால் மழைக்காலத்துக்கும் ஆச்சு.

ஊரிலிருந்து உறவினர்கள் வருகிறார்கள். எங்கே இறங்கச் சொல்வது? எங்கே கூட்டிப்போவது?

திருச்சி, மதுரை, நெல்லை பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இப்போது கடைசி நிறுத்தம் கோயம்பேடு இல்லை, கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். பழைய நினைப்பில் நீங்கள் கோயம்பேடு பக்கத்தில் வீடு பார்த்திருந்தால், வருகிறவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்து பிடித்து நகருக்குள் வர வேண்டும். வருகிறவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். ரயிலில் வந்தால், தெற்கேயிருந்து வரும் வண்டிகள் பலவும் தாம்பரத்தில் நிற்கும். உங்கள் வீடு தென்சென்னை என்றால் எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை.

சுற்றிக் காட்ட: மாலையில் மெரினாவை விடப் பெசன்ட் நகர் கடற்கரை வயதானவர்களுக்கு எளிது, தண்ணீருக்குப் போக மணலில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. பிள்ளைகளோடு வெயில் நேரத்தைக் கழிக்கக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு அருமையான இடம். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டி முடிக்க நினைக்காதீர்கள். வந்தவர்கள் பாதிப் பொழுது உங்கள் வீட்டிலேயே காலை நீட்டிப் படுத்துப் பேசிக்கொண்டிருக்கத்தான் விரும்புவார்கள்.

நண்பர்கள் வந்தால் சத்தம் அதிகமாகிறது. வீட்டுக்காரர் கீழ்வீட்டிலேயே இருக்கிறார்.

மொட்டை மாடிக்கு அனுமதி கேளுங்கள், அவரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். பௌர்ணமிக்குப் பக்கத்து சனிக்கிழமையாகப் பார்த்து நிலாச்சோறு போடலாம். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், மாவடு. ஆளுக்கொரு தூக்கில் கொண்டுவந்தால் வீட்டில் யாருக்கும் சுமை இல்லை. ஒருவர் பிசைந்து கையில் உருட்டிப் போட, சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டால் பாத்திரம் கழுவுகிற வேலையும் கம்மி. பத்து மணிக்கு மேல் பாட்டுப் போட வேண்டாம், பேசிக்கொண்டிருக்கலாம். இறங்கும்போது மாடியைப் பெருக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டி மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை அனுமதி கிடைப்பது அதில்தான் இருக்கிறது.

ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எங்களுக்கென்று நேரமே இல்லை.

வாரத்தில் ஒரு நாளைக் குடும்பத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, அதை வெளியில் சொல்லிவிடுங்கள். 'இந்த ஞாயிறு நாங்க வீட்ல இல்ல' என்று பொய் சொல்ல வேண்டாம். பால்கனியில் காயும் துணியே காட்டிக்கொடுத்துவிடும். 'அடுத்த ஞாயிறு வாங்க, நிதானமா சாப்பிடலாம்' என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வீடு பார்க்க வந்தவர்கள் கொடுத்ததில் நாலு சுவர்க் கடிகாரம் சேர்ந்துவிட்டது. என்ன செய்வது?

எல்லா வீட்டிலும் இதே கதைதான். கொடுத்தவர் பெயரை ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் குறித்து வையுங்கள். ஒன்றைக் கூடத்தில் மாட்டுங்கள், தாய்மாமன் கொடுத்ததாக இருந்தால் சண்டை வராது. இன்னொன்று சமையலறைக்கு. மற்ற இரண்டையும் அடுத்து பால் காய்ச்சுகிற யாருக்காவது கொடுக்கலாம். அவர் கடிகாரம் கொடுத்தவருக்குச் சொந்தக்காரராக இல்லாமல் இருந்தால் சரி. வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால், பழைய குடித்தனக்காரர் அடித்துவிட்டுப் போன ஆணி எங்கே இருக்கிறதோ அங்கேதான் உங்கள் கடிகாரம்.